வெள்ளிக் காப்பு போட்ட ஆட்டுக்குட்டி

படிக்காத முட்டாள் ஒரு முட்டாள்தனத்தைச் செய்தால் அதோடு விட்டுவிடுவான். படித்த முட்டாளோ அதற்கு ஓர் அட்டவணை போட்டு, நாலு மூலையிலும் சோற்றுப் பருக்கையை நசுக்கிச் சுவரில் ஒட்டி வைப்பாள். நான் ஒட்டினேன். காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில், சமையலறைச் சுவரில், இருபத்து நான்கு வயதில். பிற்பாடு அதைச் சுரண்டி எடுத்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் மனையியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். 'குழந்தை வளர்ப்பு' என்ற தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். (ஒரு ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டித் துவட்டிக் காட்டி வாங்கியது. ரப்பர் பொம்மை தவழாது, சாணியைத் தின்னாது, ராத்திரி முழுக்கக் கத்தாது. அந்தப் பாடத்திட்டத்தை எழுதிய புண்ணியவான் வீட்டில் குழந்தையே இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.) பட்டம் கைக்கு வந்த மறு வருஷம் கல்யாணம், அதற்கு மறு வருஷம் என் மகள் திவ்யா. கதை நடந்தபோது அவளுக்குப் பத்து மாதம்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், குழந்தை, என் மாமியார், என் வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்கு மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் வேலை. மூட்டையைத் தராசில் ஏற்றும்போது முள் நேராக நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வீட்டிலும் அவர் அதே வேலையைத்தான் செய்தார், பக்கத்தில் நின்று பார்த்தார். மற்றபடி இரண்டு மாடு, நாலைந்து ஆடு, கோழிகள், வீட்டு முன்னால் சாணி மெழுகிய பெரிய களம் எல்லாவற்றையும் கட்டி மேய்த்தது என் மாமியார். கூடவே என் குழந்தையையும்.

அந்தச் சமயம் எங்கள் பக்கத்தில் புதிதாக ஓர் இங்கிலீஷ் நர்சரிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தார்கள். ஆரம்பித்தவர் போர்வெல் பைப் கடை வைத்திருந்தவர். ஊரெல்லாம் குழாய் இறக்கி முடித்த பிறகு அடுத்து எதை இறக்கலாம் என்று யோசித்தவருக்கு ஆங்கிலக் கல்வி அகப்பட்டிருக்கிறது. அவர் கரஸ்பாண்டென்ட். ரிட்டயர்டு ஆசிரியையான அவர் மனைவிதான் தலைமையாசிரியை. எல்.கே.ஜி.க்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்ட அன்றே நான் விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இன்றைக்கு எத்தனை கேலி செய்தாலும் அன்றைக்கு அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்க முடியாது. காலையில் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டி, கைப்பை மாட்டிக்கொண்டு, "டீச்சர்" என்று நாலு பேர் கூப்பிட நடக்க வேண்டும் என்று அத்தனை ஆசை. அந்த ஆசையில் விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினேன். 'குழந்தை வளர்ப்பு, களத்து வேலை, அன்றாட வீட்டு நிர்வாகம் ஆகிய மூன்றையும் அறிவியல் முறைப்படி சமன் செய்து தனி ஒருத்தியாக நடத்தி வருகிறேன்.' இங்கிலீஷில் எழுதினேன். எழுதிய நேரத்தில் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அத்தை, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது அத்தை. நான் டிக்‌ஷனரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய் எழுதினால் அது தபாலில் போய்த் திரும்பி வரும் என்பார்கள். (யாரும் சொன்னதில்லை, நானே இப்போது சொல்கிறேன்.) அடுத்த வாரமே வால்பாறையில் எஸ்டேட் கிளார்க்குக்கு வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனாருக்குப் பிரசவம் என்று தந்தி வந்தது. மாமியார் துணிமணிகளை மடித்து வைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, பத்து நாளு களத்தையும் பாத்து கொழந்தையையும் பாக்க முடியுமா? தவழுற புள்ள. பாக்கு வேற காயற நேரம்."

"பிளான் பண்ணிச் செஞ்சா எல்லாம் முடியுங்க அத்தை."

"பிளானா?" என்றார். பெட்டியை மூடினார். "செரி, செரி."

அந்த 'செரி, செரி'யில் எத்தனை இளக்காரம் இருந்தது என்பது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, மாமியாரை பஸ் ஏற்றிவிட்டு அப்படியே மண்டிக்குப் போய்விட்டார். அன்று மாலைதான் நான் அட்டவணை போட்டேன். பால் கறப்பது, களம் பெருக்குவது, பாக்கைப் பரப்புவது, பாக்கைத் துழாவி விடுவது எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு. பத்திலிருந்து பத்தரை வரை 'குழந்தையுடன் அறிவு வளர்ச்சி விளையாட்டு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

முதல் நாள் அட்டவணை ஒன்றரை மணி நேரம் பிந்தியது. இரண்டாம் நாள் மாடு என்னை உதைத்தது. அதற்கு அட்டவணையில் இடமே ஒதுக்கவில்லை. மூன்றாம் நாள் நான் குளித்தேனா என்று எனக்கே ஞாபகமில்லை. நாலாம் நாள் வியாழக்கிழமை.

பாக்கு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காயை உரித்து, வேகவைத்து, களத்தில் பரப்பி நாள்கணக்கில் வெயிலில் காய வைப்போம். அடிக்கடி காலால் துழாவிப் புரட்டிவிட வேண்டும். கோழி சீய்க்காமல், மாடு மிதிக்காமல் காவல் இருக்க வேண்டும். களம் நிறையப் பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். பத்து மாதக் குழந்தையின் கண்ணில் அது களமே அல்ல, விருந்து. ஒவ்வொரு பாக்கும் அவள் தொண்டையில் சிக்குவதற்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

அன்று காலை அறிவு வளர்ச்சி விளையாட்டு நேரத்துக்குள் நான் அவள் வாயிலிருந்து மூன்று பாக்குகளைத் தோண்டி எடுத்திருந்தேன். தூளியில் போட்டால் விளிம்பைப் பிடித்து எழுந்து தலைகீழாகத் தொங்கினாள். பழைய புடவையால் கட்டில் காலோடு கட்டிவைத்தேன், முடிச்சைச் சப்பிச் சப்பி அவிழ்த்துவிட்டாள். (அவள் இப்போது கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஆரம்பம் அதுதான்.) நடுவில் சாணி கரைத்த வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு முகத்தில் பூசிக்கொண்டாள். சட்டையைக் கழற்றிப் போட்டேன். மாற்றுச் சட்டை எல்லாம் துவைக்காமல் கிடந்தது. உடம்பில் ஓர் அரைஞாண் கயிறும், கையில் என் அம்மா போட்ட வெள்ளிக் காப்பும்தான் மிச்சம்.

அப்போதுதான் கொடாப்பு என் கண்ணில் பட்டது.

மூங்கில் சிம்பால் பின்னிக் கவிழ்த்து வைக்கும் பெரிய கூடைக்கு எங்கள் ஊரில் கொடாப்பு என்று பெயர். தாய் ஆட்டை வேலியோரம் கட்டிவிட்டுக் குட்டியை அதற்குள் அடைப்பார்கள். உள்ளே காற்றும் வெளிச்சமும் போகும், குட்டி வெளியே வராது. மனையியல் படித்த மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. குட்டியை வெளியே விரட்டினேன். தரையைத் தட்டிப் பாய் விரித்தேன் (சுகாதாரம்!). திவ்யாவை உள்ளே உட்கார வைத்து, விளையாட ஒரு டம்ளரும் கரண்டியும் கொடுத்தேன். வெயிலுக்கு மேலே ஒரு சாக்கை விரித்தேன். இரண்டே நிமிடம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

இருபது நிமிடம் ஆகியும் சத்தமே இல்லை. நான் பாக்கைத் துழாவினேன், களத்து மூலையைச் சாணி போட்டு மெழுகினேன், கோழியை விரட்டினேன். இத்தனை நாள் இது தெரியாமல் போய்விட்டதே என்று பூரித்துப் போனேன். பெண்கள் பத்திரிகைக்கு இதைக் கட்டுரையாக எழுதலாம் என்றுகூட நினைத்தேன். தலைப்பை யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ என்றால் இப்படித்தான். சொல்லாமல் வீட்டுக்கே வந்து குடும்பம் எப்படி, வீடு வாசல் எப்படி என்று பார்த்துவிட்டுப் போவார்கள். வெள்ளைச் சட்டையில் கரஸ்பாண்டென்ட் இறங்கினார். பின்னாலேயே மூக்குக் கண்ணாடி போட்ட அவர் மனைவி. நான் நைட்டி மேல் துண்டு போட்டு, முழங்கை வரை சாணியோடு நின்றேன்.

"ஏனுங்க அம்மணி, அப்ளிகேஷன் போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க சார். வாங்க, வாங்க. உக்காருங்க."

இன்றைக்கும் இந்த இடத்தில் என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கும். அந்த நிமிடம் கொடாப்பைத் தூக்கி, "இவ எம் பொண்ணுங்க, பாக்கு திங்கறான்னு அடைச்சு வெச்சேனுங்க" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அறிவியல் முறைப்படி சமன் செய்பவளின் குழந்தை அம்மணமாக, மூஞ்சியெல்லாம் சாணியோடு, ஆட்டுக்கூடைக்குள்ளிருந்து வருவதாவது! உள்ளே உட்காரச் சொல்லலாம் என்றால் வீட்டுக்குள் நாலு நாள் துணி கட்டில் மேல் குவிந்து கிடந்தது. வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டேன். கொடாப்பு அங்கிருந்து நாலடி தூரத்தில், பாக்குப் பரப்புக்கு ஓரமாக இருந்தது.

"கொழந்தை எங்கீங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"உள்ள தூளீல தூங்குறாளுங்க மேடம்." வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. ஒருமுறை சொன்ன பிறகு நான் அதற்கு அடிமை.

காப்பி போட உள்ளே ஓடினேன். கையைக் கழுவி, நைட்டி மேலேயே ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டு (ஆமாம், மேலேயே) பார்த்தால், நான் விரட்டிவிட்ட ஆட்டுக்குட்டி எங்கள் அறைக்குள் நின்று தூளித் துணியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தூளி வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. விரட்டினேன். அது கட்டிலுக்கு அடியில் புகுந்து, வீடே அதிர "மே" என்றது.

காப்பியும் பிஸ்கட் தட்டுமாக வெளியே வந்தேன். கரஸ்பாண்டென்ட் முகத்தில் நிஜமான கவலை.

"கொழந்தை எந்திரிச்சுருச்சாட்ட இருக்குதுங்க. தொண்டை ரொம்பக் கட்டியிருக்குதே, சளிங்களா?"

"ஆமாங்க சார். ரெண்டு நாளா கொஞ்சம் சளிங்க."

"தூதுவளை குடுங்க. கேக்கறக்கே பாவமா இருக்குதுங்க."

தலைமையாசிரியை காப்பியை ஆற்றினார். அப்போது சாக்குக்கு அடியிலிருந்து டம்ளரைக் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தெளிவாக, "த்தா... த்தா..."

"இதுக்குள்ள என்னங்க?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"ஆட்டுக்குட்டிங்க சார். ஒடம்பு செரியில்லீங்க. காத்துப் படக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்கறனுங்க."

"டம்ளர் சத்தம் கேக்குதுங்களே?"

"தண்ணி வெச்சிருக்கறனுங்க. கொம்பு மொளைக்கற வயசு, முட்டீட்டே இருக்குதுங்க."

அவர் நம்பினார். ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர், கணக்குப் பாடத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவர், அதை அப்படியே நம்பினார். எனக்கு அவர் மேல் மரியாதை போய்விட்டது. அடுத்த நிமிடம் கொடாப்பு நகர்ந்தது. திவ்யா எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். சிம்பைப் பிடித்து எழுந்து நின்று தள்ளியிருக்கிறாள். சாக்கு போர்த்திய கொடாப்பு ஒரு சாண் நகர்ந்தது, நின்றது, இன்னொரு சாண் நகர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். எங்கள் ஊர் நாகரிகத்தில் வந்த வீட்டில் கண்ணெதிரே கூரை எரிந்தாலும் வீட்டுக்காரர்கள் சொல்லும்வரை ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாக வந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

"செரியான தெம்புங்க," என்றார் கரஸ்பாண்டென்ட். "ஒடம்பு செரியில்லாதப்பவே இப்படீன்னா!" பிறகு அவர் தொழிலுக்குத் திரும்பினார். "ஏனுங்க, உங்க போர் எத்தன அடிங்க?"

"தெரியலீங்க சார்."

"இருங்க, நானே பாத்துட்டு வாரனுங்க." காப்பி டம்ளரை வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ரூமைத் தேடிப் போனார். எந்த வீட்டுக்குப் போனாலும் போரைப் பார்க்காமல் திரும்ப மாட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். இன்டர்வியூ அப்போதுதான் தொடங்கியது.

"அப்ளிகேஷன்ல அறிவியல் முறைன்னு எழுதியிருந்தீங்க. கொழந்தைங்க அடங்காம சேட்டை பண்ணுனா என்ன பண்ணுவீங்க?"

"அவங்கள கட்டுப்படுத்தக் கூடாதுங்க மேடம்," என்று ஆரம்பித்தேன். பரீட்சைக்கு உருப்போட்டதெல்லாம் கடகடவென்று வந்தது. "சுதந்திரமா, பாதுகாப்பா விளையாடற மாதிரி ஒரு சூழ்நிலைய நாமதான் அமைச்சுக் குடுக்கோணுமுங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொடாப்பின் அடிப்பக்கம் உடைந்திருந்த சிம்பு வழியாக ஒரு சின்னக் கை வெளியே வந்தது. விரல்களை விரித்து மூடியது. தலைமையாசிரியை தன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, குனிந்து, அந்தக் கையில் வைத்தார். கை பிஸ்கட்டோடு உள்ளே போனது.

"ஆட்டுக்குட்டிக்கு வெள்ளிக் காப்பெல்லாம் போட்டிருக்கீங்களாட்ட இருக்குது," என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறவில்லை.

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. "கோயிலுக்கு நேர்ந்து விட்டதுங்க மேடம்," என்றேன்.

"எந்தக் கோயிலுக்குங்க?"

"காரமடைங்க."

"பெருமாளுக்குங்களா?"

பெருமாளுக்கு ஆட்டை நேர்ந்துவிட்ட முதல் ஆள் இந்தக் கொங்கு நாட்டில் நானாகத்தான் இருப்பேன். அதுவும் பெற்ற மகளை. "ஆமாங்க," என்றேன். அவர் காப்பியில் ஒரு வாய் குடித்தார்.

பிறகு சத்தம் நின்றது. டம்ளர் இல்லை, "த்தா" இல்லை. நாலு நாளில் அவளைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அவள் வாய் சும்மா இருந்தால் வாயில் ஏதோ இருக்கிறது. நான் கொடாப்பைப் பார்த்தேன். நகர்ந்து நகர்ந்து அது பாதிக்கு மேல் பாக்குப் பரப்பின் மேல் ஏறி நின்றது.

நான் உடனே ஓடவில்லை. இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது, இதை முடியவில்லை. இரண்டு நொடியோ மூன்று நொடியோ, தூக்கினால் வேலை போய்விடும் என்ற கணக்கு என் தலைக்குள் ஓடியது. என் குழந்தை வாயில் பாக்கு, நான் கஞ்சி போட்ட புடவையை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். தூ என்று என்னை நானே துப்பிக்கொள்ளலாம்.

பிறகு பாய்ந்தேன். கொடாப்பை அப்படியே தூக்கி எறிந்தேன். திவ்யா கண் கலங்க, முகம் சிவக்க, எதையோ விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டி, விரலை விட்டு ஒரு பாக்கை வெளியே எடுத்தேன். அவள் இரும, நான் அழ, இரண்டு பேருடைய மூக்கும் ஒழுகியது.

"அந்தப் பக்கக் கன்னத்தையும் பாருங்க," என்று காதருகில் குரல் கேட்டது. தலைமையாசிரியை என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணோட நிக்க மாட்டாங்க."

பார்த்தேன். இன்னொன்று இருந்தது. பிஸ்கட்டோடு சேர்த்து ஒதுக்கி வைத்திருந்தாள். அவர் தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அவள் மூஞ்சியில் காய்ந்து போயிருந்த சாணியைத் துடைத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அழுகாதீங்க, கொழந்தை பயந்துக்கும்," என்றார்.

அப்போது பின்பக்கத்திலிருந்து கரஸ்பாண்டென்ட் வந்தார். அதே நேரம், தூளித் துணியை வாயில் கவ்விக்கொண்டு ஆட்டுக்குட்டியும் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அவர் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், உருண்டு கிடந்த கொடாப்பைப் பார்த்தார்.

"அடடே! ரெண்டும் எந்திரிச்சுருச்சுங்களா? குட்டிக்கு ஒடம்பும் தேறிருச்சாட்ட இருக்குது!"

"தேறிருச்சுங்க," என்றார் அவர் மனைவி. "வாங்க, போலாம். அம்மணிக்கு வேலை கெடக்குது."

வேலை கிடக்கிறது என்றால் களத்து வேலை. பள்ளிக்கூட வேலை போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று மாலை வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் வழக்கம்போல் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு, "போர் எத்தன அடின்னு அவருக்காச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

மாமியார் வால்பாறையிலிருந்து திரும்பிய அன்றே ஒரு தபால் கார்டும் வந்தது. வீட்டுக்காரர் அதை வாசலில் நின்று உரக்கப் படித்தார். 'திங்கட்கிழமை முதல் எல்.கே.ஜி. வகுப்புக்கு வரவும். குட்டியையும் அழைத்து வரலாம். இங்கே பாக்கு இல்லை.'

"எந்தக் குட்டிய?" என்றார் மாமியார். "ஆட்டுக்குட்டி எதுக்குப் பள்ளிக்கோடத்துக்கு?"

சொல்ல வேண்டியதாயிற்று. பாட்டாகத் திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்தவர் எழுந்து போய் அந்தக் கொடாப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மேல கல்லு வெக்கலியா?"

"கல்லுங்களா?"

"பின்ன? இவனுக்கு ரெண்டு கல்லு வெப்பேன்," என்று தன் மகனைக் கையைக் காட்டினார். "ஒரு கல்லுன்னா தள்ளீட்டுப் போயிருவான். ரெண்டு வெச்சா கம்முனு கெடப்பான். கல்லு வெக்காம எந்தக் கொடாப்பு நிக்கும்? இதக்கூடவா அந்தக் காலேஜ்ல சொல்லித் தரல?"

என் வீட்டுக்காரர் ஏன் எதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் கண்டுபிடித்ததாக நினைத்து, பத்திரிகைக்கு எழுத இருந்த அறிவியல் முறையில் அந்த மனிதர் வளர்ந்தே முடித்திருந்தார். அன்று மாலைதான் நான் அட்டவணையைச் சுரண்டினேன்.

திங்கட்கிழமை போனேன், திவ்யாவையும் தூக்கிக்கொண்டு. முதல் வருஷம் எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு மூலையில் பாய் விரித்துக் கிடந்தாள். பிறகு அதே வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை அந்த வியாழக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைவிடக் கொடுமை, தன் கணவரிடமும் அவர் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் கரஸ்பாண்டென்ட் என்னைத் தேடி வந்து, "ஏனுங்க டீச்சர், அந்தக் குட்டி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பார். அத்தனை அக்கறையாகக் கேட்கிறவரிடம் செத்துவிட்டது என்று சொல்ல மனசு வருமா? நன்றாக இருக்கிறது என்றேன். மறு வருஷம் இரண்டு குட்டி போட்டது என்றேன். அதற்கடுத்த வருஷம் காலில் முள் குத்தியது, இப்போது பரவாயில்லை என்றேன். நான் சொல்லும்போதெல்லாம் அவர் மனைவி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறிவியல் முறைப்படி நான் வளர்த்த ஒரே ஆடு அதுதான்.

வீட்டிலும் விடவில்லை. திவ்யா சாப்பிட மறுத்தால் மாமியார், "பெருமாளுக்கு நேர்ந்து விட்டது, ஆட்டுக்கு ஒடிச்சுப் போடற கொழை வேணுமா கேளு" என்பார். பரீட்சைக்குப் போகும்போது, "கல்லு வெச்சு உக்காந்து எழுது" என்று வாழ்த்துவார் அவள் அப்பா.

போன தை மாதம் திவ்யாவுக்குக் கல்யாணம், மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டபத்தில். தலைமையாசிரியையும் கரஸ்பாண்டென்ட்டும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேடை ஏறினார்கள். இரண்டு பேருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. சம்பந்தி வீட்டார் சுற்றி நிற்க, கரஸ்பாண்டென்ட் பழைய அக்கறையோடு என்னைக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், அந்த ஆட்டுக்குட்டி சௌக்கியங்களா?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது. "சௌக்கியமா இருக்குதுங்க சார்," என்றேன். "இன்னைக்கு அதுக்குத்தானுங்க கல்யாணம்."

அவர் விரல் விட்டு வருஷங்களை எண்ணிப் பார்த்தார். "அட, அது இன்னும் உசுரோட இருக்குதுங்களா!"

"இருக்குதுங்க," என்றார் அவர் மனைவி. திவ்யாவின் கையை எடுத்து வளையல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெருமாளுக்கு நேர்ந்து விட்டதுங்க. அதான் ஆரும் வெட்டல."

"அதான பாத்தேன்," என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அவர் பந்திக்குப் போனார். மாப்பிள்ளை என் மகள் பக்கம் குனிந்து, "எந்த ஆடுங்க?" என்று கேட்டது மேடையில் எல்லாருக்கும் கேட்டது. அவள் வளையல் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "மே" என்றாள்.